பாலத்துக்கு யார் காசு? மாவனெல்லை முதல் சான் பிரான்சிஸ்கோ வரை ஒரு கடன் கதை

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

2025 நவம்பர் கடைசியில் ‘டித்வா’ புயல் வந்து போன பிறகு எங்கள் கேகாலை மாவட்டத்தில் எல்லோர் வாயிலும் பாலம்தான். எது போனது, எது தாங்கியது, பஸ் எதுவரை போகிறது என்று பேச்சு. கடைசியில் யாராவது கேட்பார்கள்: “இதையெல்லாம் திருப்பிக் கட்ட அரசாங்கத்திடம் ஏது காசு?” உடனே இன்னொருவர் பதில் சொல்வார்: “முறி வித்து எடுப்பாங்க.”

முறி விற்றுப் பாலம் கட்டுவது என்றால் என்ன? அந்தக் காசு யாருடையது, அதை யார் திருப்பிக் கொடுப்பது? எங்கள் ஊர்ப் பாலம் ஒன்றிலிருந்து தொடங்கி இதைச் சொல்லிப் பார்க்கிறேன். பத்தாம், பதினோராம் தரப் பிள்ளைகள் பரீட்சைக்காக மனப்பாடம் செய்யும் வருடங்கள் சிலவும் இதற்குள் வரும்.

*1. காசு இல்லாமல் கட்டிய காலம்*

மாவனெல்லையில் மகா ஓயாவுக்குக் குறுக்கே நிற்கும் செங்கல் வளைவுப் பாலம் 1832-33 காலத்தியது. கொழும்பு – கண்டி வீதியில் போகிறவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. கிட்டத்தட்ட இருநூறு வருடம் எத்தனையோ வெள்ளத்தைப் பார்த்துவிட்டது.

அதற்கு முன்னர் இந்தப் பக்கத்தில் பெரிய பாலங்கள் கிடையாது. கண்டி அரசர்கள் நல்ல வீதி போடாததற்குக் காரணம் இருந்தது. எதிரியின் படை சுலபமாக மேலே ஏறி வந்துவிடும். ஓடைகளுக்கு மேல் சிங்களத்தில் ‘ஏதண்ட’ என்று சொல்லும் ஒற்றை மரம் போதுமாக இருந்தது. பொதிமாடுகளைத் தவளமாக ஓட்டிச் சென்று உப்பும் கருவாடும் மேலே கொண்டுபோன முஸ்லிம்கள் ஆற்றில் தண்ணீர் வடியும்வரை கரையில் காத்திருந்தார்கள். அரசனின் ‘மடிகே’ பிரிவில், அதாவது பொதிமாட்டுப் போக்குவரத்தில் கடமை செய்தவர்கள் அவர்கள்தான்.

1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820களில் கொழும்பு – கண்டி வீதியைப் போட்டார். பொறியியலாளர் கப்டன் டோசனுக்குக் கடுகண்ணாவையில் நினைவுக் கோபுரம் இருக்கிறது. மண் சுமந்தவர்களுக்கும் கல் உடைத்தவர்களுக்கும் கோபுரம் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் இராஜகாரியத்துக்கு அழைக்கப்பட்ட கிராமத்து மக்கள். நிலத்துக்குப் பதிலாக அரசனுக்குச் செய்து வந்த சேவையை ஆங்கிலேயர் அப்படியே எடுத்து வீதி வேலைக்குத் திருப்பிவிட்டார்கள்.

ஆகவே அந்த வீதிக்குக் கொடுத்த விலை, கிராமத்து மனிதனின் உழைப்பு நாட்கள். கடன் இல்லை, வட்டி இல்லை. கொடுக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமையும் இல்லை.

கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசுப்படி 1832 ஏப்ரலில் இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. (இந்த ஏப்ரலை நினைவில் வைத்திருங்கள்.) மாவனெல்லைப் பாலம் எழும்பியதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே முதிரை மரத்தால், ஆணியோ போல்ட்டோ இல்லாமல் கட்டிய புகழ்பெற்ற ஒற்றை வளைவுப் பாலமும் அதே காலத்தியது. அது 1905இல் மாற்றப்பட்டது.

*2. ஆயமும் ஆறு நாளும்*

இலவச உழைப்பு நின்றதும் ஆங்கிலேயருக்கு அதே கேள்வி வந்தது: இனி யார் காசு?

முதல் பதில், ஆயம். பாலத்தையும் தோணித்துறையையும் கடக்கிறவர் காசு கொடுக்க வேண்டும். அரசாங்கம் தானே நின்று வசூலிக்கவில்லை. வசூலிக்கும் உரிமையை ஏலத்தில் விட்டது. ஏலம் எடுத்தவர் போட்ட முதலுக்கு மேல் எவ்வளவு கறக்க முடியுமோ அவ்வளவும் கறந்தார். களனி ஆற்றில் 1822இல் போட்ட படகுப் பாலத்திலும் இப்படித்தான் ஆயம் வாங்கினார்கள். 1895இல் விக்டோரியா பாலம் திறக்கும்வரை கொழும்பின் வடக்கு வாசல் அந்தப் படகுப் பாலம்தான்.

இரண்டாம் பதில் வந்தது 1848இல். ஆளுநர் டொரிங்டனின் வீதிச் சட்டம், 18 வயதைத் தாண்டிய ஆண்கள் வருடத்துக்கு ஆறு நாள் வீதியில் வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் மூன்று ஷில்லிங் கட்ட வேண்டும் என்றது. கணக்குப் பார்த்தால் ஒரு நாளைக்கு அரை ஷில்லிங். கோப்பித் தோட்டத்துரைக்கும் அதே மூன்று ஷில்லிங், குரக்கன் விதைக்கும் சேனைக்காரனுக்கும் அதே மூன்று ஷில்லிங். துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி என்று அதே வருடம் இன்னும் பலவும் வந்தன. பதினாறு வருடத்துக்கு முன்னர் போன இராஜகாரியம் வேறு பெயரில் திரும்பி வந்துவிட்டது என்று மக்கள் நினைத்ததில் பிழை இல்லை. மாத்தளையிலும் குருநாகலிலும் கிளர்ச்சி வெடித்தது. புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். டொரிங்டன் 1850இல் திருப்பி அழைக்கப்பட்டார்.

பரீட்சைத் தாளில் இதை ‘1848 கிளர்ச்சிக்கான காரணங்கள்’ என்று ஐந்து புள்ளிகளில் எழுதி முடித்துவிடுகிறோம். உள்ளே இருக்கும் கேள்வி அவ்வளவு சிறியதல்ல. பொதுப் பாலத்துக்கான பாரத்தை யார் தலையில், எந்த அளவில் வைப்பது என்பதற்காக இந்த நாட்டில் இரத்தம் சிந்தியிருக்கிறது.

*3. மூன்றாவது வழி: முறி*

மூன்றாவது வழி, இன்றைக்குக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு நாளைக்குக் கொடுப்பது.

முறி என்பது ஒரு கடன் பத்திரம். “எனக்கு 100 ரூபாய் தா. வருடாவருடம் இவ்வளவு வட்டி தருவேன். இந்தத் திகதியில் முதலைத் திருப்பித் தருவேன்” என்று அரசாங்கமோ மாநகர சபையோ எழுதிக் கொடுக்கும் வாக்குறுதி. வங்கிக் கடனில் ஒரே வங்கிதான் கொடுக்கும். முறியை ஆயிரம் பேர் துண்டு துண்டாக வாங்கலாம், கைமாற்றி விற்கவும் செய்யலாம்.

வட்டி பற்றிய மார்க்க விளக்கத்துக்கு இந்தப் பதிவில் போகவில்லை. அது தனிப் பேச்சு. ஒன்றை மட்டும் சொல்கிறேன். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் (2:282) கடனை எழுதி, சாட்சி வைத்துக்கொள்வதைப் பற்றியது. எவ்வளவு, எப்போது, யாருக்கு என்று எழுதாத கடன் சண்டையில் முடியும் என்பது எல்லாச் சமூகங்களும் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம்.

ஆங்கிலேயர் காலத்தில் இலங்கை அரசாங்கம் பெரிய வேலைகளுக்கு லண்டனில் முறி விற்றுக் கடன் எடுத்தது. அந்தக் கடன்களோடு ஒரு நிபந்தனையும் வந்தது. வருடாவருடம் வருமானத்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்துக் கடன் தீர்ப்பு நிதியில் போட வேண்டும். முதல் முதிரும் நாளில் அதைத் தீர்க்கும் காசு அங்கே சேர்ந்திருக்கும். குடியேற்ற ஆட்சி நல்லாட்சி என்று இதை வைத்து யாரும் சொல்ல வேண்டாம். லண்டன் முதலாளியின் காசு பத்திரமாக இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆனால் கணக்கு முறை என்று பார்த்தால் அது ஒழுங்கானது.

நகரங்களுக்கும் ஊர்களுக்கும் தனி வழி ஒன்று இருந்தது. 1916ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தால் உள்ளூர்க் கடன் அபிவிருத்தி நிதியம் உருவானது. உள்ளூர் சபைகள் தங்கள் வருமானத்தை நம்பிக் கடன் எடுத்துத் தங்கள் வேலையைச் செய்துகொள்வதற்காக வந்தது அது. பிறகு 1937ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க, பதிவு செய்யப்பட்ட பங்குகள் பிணையங்கள் கட்டளைச் சட்டம். மத்திய வங்கி விற்று வந்த திறைசேரி முறிகள் இந்தப் பழைய சட்டத்தின் கீழ்தான் வந்தன. அந்த முறிகள் அறிமுகமானது 1997இல்.

*4. வாக்குப் போட்டுக் கடன் எடுத்தவர்கள்*

இதை இன்னொரு நாட்டில் எப்படிச் செய்தார்கள் என்று பார்ப்போம்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள கோல்டன் கேட் பாலத்தைப் படத்தில் பார்க்காதவர்கள் குறைவு. அதைக் கட்ட நினைத்தபோது மத்திய அரசும் காசு தரவில்லை, மாநில அரசும் தரவில்லை. சான் பிரான்சிஸ்கோவும் சுற்றியுள்ள மாவட்டங்களுமாக ஆறு சேர்ந்து ஒரு பால நிருவாகத்தை அமைத்தன. 35 மில்லியன் டொலருக்கு முறி விற்கலாமா என்று 1930 நவம்பரில் மக்களிடமே வாக்குக் கேட்டார்கள். கடன் தவறினால் தங்கள் வீடும் காணியும் தொழிலும் ஈடு என்று தெரிந்துகொண்டே மக்கள் ‘ஆம்’ என்றார்கள். பாலம் 1937 மே மாதம் திறந்தது. கடந்து போகிறவர்களிடம் ஆயம் வாங்கி, 1971இல் கடைசி முறியையும் தீர்த்தார்கள். முதல் 35 மில்லியன், வட்டி ஏறத்தாழ 39 மில்லியன். முதலை விட வட்டி கூட! ஆனால் அது எல்லோருக்கும் தெரிந்த வட்டி.

திருத்த வேலைக்கு முறி விற்ற கதையும் அங்கேயே இருக்கிறது. 1989 அக்டோபரில் வந்த நிலநடுக்கத்தில் சான் பிரான்சிஸ்கோ – ஓக்லண்ட் விரிகுடாப் பாலத்தின் மேல்தளத் துண்டு ஒன்று கீழே விழுந்தது. மாநிலத்தின் பழைய பாலங்கள் எல்லாவற்றையும் பலப்படுத்த வேண்டும் என்று எல்லோருக்கும் விளங்கியது. 2 பில்லியன் டொலருக்கு மாநில முறி விற்க 1994 ஜூனில் அனுமதி கேட்டார்கள். மக்கள் மறுத்துவிட்டார்கள்! 1996 மார்ச்சில் திரும்பவும் கேட்டார்கள். அந்த முறை 2 பில்லியனில் 650 மில்லியன் ஆயம் வாங்கும் பெரிய பாலங்களுக்கு, மிச்சம் நெடுஞ்சாலைப் பாலங்களுக்கு என்று பிரித்துச் சொல்லியே கேட்டார்கள். மக்கள் சம்மதித்தார்கள்.

அமெரிக்காவில் எல்லாம் சரி என்று சொல்ல இதை எழுதவில்லை. அந்த விரிகுடாப் பாலத்தின் கிழக்குப் பகுதியைப் பலப்படுத்தும் வேலை புதிதாகவே கட்டும் வேலையாக மாறி, 2013இல் திறந்தபோது செலவு 6.4 பில்லியன் டொலர்வரை போயிருந்தது. மதிப்பீட்டைத் தாண்டுவது எல்லா நாட்டிலும் நடக்கிறது. நான் காட்ட விரும்புவது இதைத்தான்: எந்தப் பாலத்துக்கு, எவ்வளவு என்று கடன் எடுக்கும் முன்னரே மக்கள் முன்னால் வைத்தார்கள். வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பும் மக்களிடம் இருந்தது.

*5. எங்கள் முறிகள்*

இனி எங்கள் நாட்டுக்கு வருவோம்.

2007 அக்டோபரில் இலங்கை முதன்முறையாக சர்வதேசச் சந்தையில் இறைமை முறி விற்றது. 500 மில்லியன் டொலர், ஐந்து வருடம், வட்டி 8.25 சதவீதம். அடிப்படை வசதி அபிவிருத்திக்கு என்று சொல்லப்பட்டது. கணக்குப் போடுங்கள். வருடத்துக்கு வட்டி மட்டும் 41.25 மில்லியன் டொலர். ஐந்து வருடத்தில் 206.25 மில்லியன்.

வீதியும் பாலமும் ஐம்பது, நூறு வருடம் நிற்பவை. அவற்றின் பயன் மெல்ல மெல்ல வருவது. அதற்கு ஐந்து வருடக் கடன் எடுத்தால் ஐந்தாம் வருடம் காசுக்கு எங்கே போவது? இன்னொரு முறிக்குத்தான். 2012 அக்டோபரில் பழைய முறி முதிர்வதற்கு முன்னர், அதே வருடம் ஜூலையில் 1 பில்லியன் டொலருக்குப் பத்து வருட முறி ஒன்று விற்கப்பட்டது. வட்டி 5.875 சதவீதம். அது முதிரும் மாதம் 2022 ஜூலை.

அந்த ஜூலை எங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். பெற்றோல் வரிசை, காஸ் வரிசை, எண்ணெய் இல்லாமல் மூடிய பாடசாலைகள். அதற்கு மூன்று மாதம் முன்னரே, 2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்துகிறோம் என்று நாடு அறிவித்துவிட்டது. இராஜகாரியத்தை ஒழித்த 1832 ஏப்ரலிலிருந்து சரியாக 190 வருடம். அப்போது நிலுவையில் இருந்த சர்வதேச முறிகள் ஏறக்குறைய 12.5 பில்லியன் டொலர்.

இதில் எவ்வளவு எந்தப் பாலத்துக்குப் போனது? சொல்ல முடியாது. முறி விற்ற காசு திரட்டு நிதிக்குப் போய் வரிப் பணத்தோடும் மற்றக் கடனோடும் கலந்துவிடுகிறது. ஆற்றில் ஊற்றிய குடத்துத் தண்ணீரைத் திருப்பி எடுத்துக் காட்ட முடியாது. களனியில் 2021 நவம்பரில் திறந்த புதிய பாலத்துக்கு ஜப்பானின் ஜைக்கா கடன் என்று தெளிவாகச் சொல்லலாம். அந்தப் பாலத்துக்கு ‘கோல்டன் கேட் கல்யாணி’ என்று பெயர் வைத்தார்கள். சான் பிரான்சிஸ்கோவின் பெயர் வந்தது, அந்தக் கணக்கு முறை வரவில்லை.

உள்நாட்டு முறிகளிலும் இதே இருட்டு. 2015 பெப்ரவரி 27ஆம் திகதி மத்திய வங்கி 1 பில்லியன் ரூபாவுக்கு 30 வருட முறி விற்பதாக அறிவித்துவிட்டு, சுமார் 10 பில்லியனுக்கு விலைமனுக்களை ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு நடந்தவை எல்லோருக்கும் தெரியும். ஜனாதிபதி ஆணைக்குழு விசாரணைவரை போனது. அன்றைக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, வீதி வேலைகளுக்கு அவசரமாகக் காசு தேவை என்பது. வீதிக்கும் பாலத்துக்கும் என்று சொன்னால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். அதனாலேயே அந்த வார்த்தையைக் கேட்கும்போது நாங்கள் கூடுதலாக விழிப்பாக இருக்க வேண்டும்.

*6. கடன் கொடுத்தவர் யார் தெரியுமா?*

முறி என்றதும் கோட் சூட் போட்ட வெள்ளைக்காரரை நினைக்கிறோம். உள்நாட்டுத் திறைசேரி முறிகளை அதிகம் வைத்திருப்பவர்களில் ஒருவர் ஊழியர் சேமலாப நிதியம், அதாவது எங்கள் ஈ.பி.எப். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். தொழிலாளியின் சம்பளத்தில் 8 சதவீதம், தொழில் கொடுப்பவரிடமிருந்து 12 சதவீதம். மத்திய வங்கி அதை நிருவகிக்கிறது. அந்தப் பணத்தின் பெரும்பகுதி அரசாங்கத்துக்கே முறி வழியாகக் கடனாகப் போகிறது.

அப்படியானால் அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்தவர் யார்? எட்டியாந்தோட்டையில் கொழுந்து பறிக்கும் அக்கா. தெரணியகலைப் பக்கத்தில் விடியமுன் எழும்பி ரப்பர் பால் வெட்டும் அண்ணன். கொழும்பில் கார்மெண்டில் நிற்கும் அவர்களுடைய மகள். நாட்டின் வீதிகளுக்கும் பாலங்களுக்கும் இவர்களும் முதலீட்டாளர்கள். யாரும் இவர்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது ஈ.பி.எப். கையில் இருந்த முறிகள் நீண்ட கால முறிகளாக மாற்றப்பட்டன. 2025வரை 12 சதவீத வட்டி, அதன் பிறகு 9 சதவீதம். அதாவது நாட்டின் கடன் பாரத்தில் ஒரு பங்கு, ஓய்வு பெறும்போது கிடைக்கும் அந்தச் சிறு தொகையின் மேலும் ஏறியது. 1848இல் மூன்று ஷில்லிங் என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். இப்போது கேட்கவே தேவை இல்லை.

இதற்குள் இன்னொரு அநியாயம் இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு ஒன்று இருந்தது. அதைக் காட்டியே தோட்டங்களுக்குள் சபைக் காசைச் செலவு செய்ய முடியாது என்று சொல்லி வந்தார்கள். தோட்டத்து மக்கள் வாக்குப் போட்டார்கள், உறுப்பினரைத் தெரிவு செய்தார்கள். ஆனால் லயத்துக்குப் போகும் வழியில் ஒரு சிறு பாலம் உடைந்தால் ‘அது கம்பனிக் காணி’ என்ற பதில்தான். கம்பனி ‘அது சபை வேலை’ என்றது. 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. சட்டம் வந்து முப்பத்தொரு வருடம் கழித்து! நாட்டுக்குக் கடன் கொடுத்தவரின் பிள்ளை, மழை நாளில் கம்பிப் பாலத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு பாடசாலைக்கு வந்தது. மழை கூடினால் வராது. வருகைப் பதிவேட்டில் நாங்கள் ஒரு ‘0’ போடுவோம்.

*7. இனி என்ன கேட்க வேண்டும்?*

புயலுக்குப் பிறகு 2025 டிசம்பரில் சர்வதேச நாணய நிதியம் ஏறக்குறைய 206 மில்லியன் டொலர் அவசரக் கடனுக்கு அனுமதி தந்தது. இன்னும் கடன்கள் வரும். ஒரு நாள் மீண்டும் முறிகளும் வரும். கடனே கூடாது என்று நான் சொல்லவில்லை. நூறு வருடம் நிற்கும் பாலத்தின் செலவு முழுவதையும் இந்த வருடத்து வரியிலேயே எடுப்பதும் நியாயமில்லை. நாளைக்கு அதில் நடப்பவர்களும் ஒரு பங்கு தரட்டும். கடனுக்கான நேர்மையான நியாயம் அதுதான்.

ஆனால் அந்த நியாயத்துக்கு எல்லை உண்டு. கடன் தீர்வதற்கு முன்னர் வேலை கெட்டுப்போகக் கூடாது. கைப்பிடிக்குப் பெயின்ற் பூசுவதற்கும், கானைத் துப்புரவு செய்வதற்கும், வெடிப்பை அடைப்பதற்கும் முப்பது வருட முறி விற்றால் பேரப்பிள்ளைகள் உரிந்துபோன பெயின்ற்றுக்கு வட்டி கட்டுவார்கள். அப்படிப்பட்ட பராமரிப்பு வருடாந்த வருமானத்திலிருந்துதான் வர வேண்டும். அதைச் செய்யாமல் விட்டுவிட்டுப் பாலம் விழுந்த பிறகு பெரிய கடன் எடுப்பதுதான் எங்கள் வழக்கம். திறப்பு விழாவுக்கு நாடா வெட்டலாம், கான் துப்புரவுக்கு வெட்ட முடியாது அல்லவா?

எங்கள் மாவட்டத்தில் ஒரு பாலத்துக்கு அடுத்த முறை காசு ஒதுக்கியதாகச் செய்தி வரும்போது மூன்று விடயங்களைக் கேளுங்கள். அந்தக் காசு வரியா, உதவியா, கடனா? கடன் என்றால் எத்தனை வருடம், என்ன வட்டி? அந்தப் பாலத்தை அடுத்த இருபது வருடம் பராமரிக்க யாருடைய வரவு செலவில் காசு இருக்கிறது? ‘ஏ’, ‘பி’ தர வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் கேளுங்கள். ‘சி’, ‘டி’ என்றால் மாகாணத்திடம். ஊர் வீதி, தோட்ட வீதி என்றால் பிரதேச சபை உறுப்பினரிடம். அவர் வாக்குக் கேட்டு வந்தபோது நடந்து வந்ததும் அதே பாலத்தால்தான்.

பாராளுமன்றத்துக்குப் பொது நிதியில் முழு அதிகாரம் என்று எங்கள் அரசியலமைப்பு சொல்கிறது. பாராளுமன்றத்துக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தவர்கள் நாங்கள். இராஜகாரியக் காலத்து மனிதனுக்குக் கேட்க உரிமை இருக்கவில்லை. 1848இன் மனிதன் கேட்டதற்கு உயிரைக் கொடுத்தான். எங்களுக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும்.

உங்கள் ஊரில் இன்னும் திருத்தாத பாலம் எது, அது எந்தச் சபைக்கு உரியது என்று கீழே எழுதுங்கள். பட்டியல் ஒன்று சேர்ந்தால் எல்லோருமாகக் கையெழுத்து வைத்து அனுப்புவோம்.